ரோமியோ ஜூலியட்: கதை தெரியும், பேச்சுதான் பிடிபடவில்லை

முல்லைக்கொடி:

வணக்கம். ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. இந்தப் பருவத்தில் ‘ரோமியோ ஜூலியட்’ பாடம். கதை யாருக்குத்தான் தெரியாது? வெரோனா நகரம், இரண்டு பகைக் குடும்பங்கள், இரண்டு பிள்ளைகள், ரகசியக் கல்யாணம், கடைசியில் கல்லறை. மூலத்தைத் திறந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது.

முதல் காட்சியில் இரண்டு வேலைக்காரர்கள் கரி, கோபம், கழுத்து என்று ஏதோ பேசிக்கொள்கிறார்கள். அது நகைச்சுவை என்று குறிப்பு சொல்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்து ரோமியோ வந்து ‘ஈயத்தாலான இறகு, குளிர்ந்த நெருப்பு, நோயுற்ற நலம்’ என்கிறான். மூன்றாம் அங்கத்தில் ஜூலியட் தன் அம்மாவிடம் ரோமியோவைப் பற்றிப் பேசும்போது திட்டுகிறாளா ஏங்குகிறாளா என்றே தெரியவில்லை.

வகுப்பில் பாதிப் பேர் உரைநடைச் சுருக்கத்தை வைத்தே தேர்வு எழுதிவிடுகிறார்கள். எனக்கு அப்படி முடிக்க மனமில்லை. ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் இக்கால ஆங்கிலம் என்று வரும் பதிப்பை வாங்கலாமா? இல்லை, மூலத்தோடு மல்லுக்கட்டுவதுதான் வழியா?

தாள்புரட்டி:

தாராளமாக வாங்குங்கள். ஒரு காட்சியின் சாரத்தைத் தெரிந்துகொண்டு மூலத்துக்குப் போனால் பாதி பயம் போய்விடும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆர்தர் புரூக் 1562-இலேயே இந்தக் கதையை ஆங்கிலத்தில் நெடும்பாட்டாக அச்சிட்டுவிட்டார். ஷேக்ஸ்பியரும் திரை விலகுவதற்கு முன்பே, முன்னுரைப் பாட்டில், இருவரும் சாகப்போகிறார்கள் என்று சொல்லிவிடுகிறார். முடிவு தெரிந்தவர்களுக்காகவே எழுதப்பட்ட நாடகம் இது.

அப்புறம், தெரியாத சொற்களைக் கண்டு மிரளாதீர்கள். அவற்றுக்கு அடிக்குறிப்பு இருக்கும். தெரிந்த மாதிரி நிற்கும் சொற்கள்தான் காலை வாரும். மாடத்துக் காட்சியில் வரும் ‘வேர்ஃபோர்’ என்பதற்கு ‘ஏன்’ என்று பொருள். அவள் அவனைத் தேடவில்லை, ஏன் போயும் போயும் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கிறாய் என்று நொந்துகொள்கிறாள். ரோமியோ ‘ஸாஃப்ட்’ என்று தொடங்கினால் ‘பொறு’ என்கிறான். ரோமியோவின் உறவினன் பென்வோலியோ இளவரசரிடம் சண்டையை விவரிக்கும்போது ‘நைஸ்’ என்பான். அற்பக் காரணத்துக்காக வந்த சண்டை என்று அர்த்தம். ‘ஸ்டில்’ பல இடங்களில் ‘எப்போதும்’. வாக்கியம் ‘மேரி’ என்று தொடங்கினால் அது மாதாவின் பேரில் இடும் ஒரு லேசான ஆணை. ஜூலியட்டின் அம்மா கபுலெட் சீமாட்டி ஒரே வரியில் அந்த ‘மேரி’யையும் கல்யாணம் என்ற ‘மேரி’யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுவாள். இப்படி ஒரு நாற்பது ஐம்பது சொற்களைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும், ஓட்டம் வந்துவிடும்.

கட்டியங்காரன்:

தாள்புரட்டி சொன்ன சொற்பட்டியல் உதவும். எதிர்ப்பக்க ஆங்கிலத்தைப் பற்றி மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து. நான் மேடைக்காரன், அதனால் அழுத்தியே சொல்கிறேன்: அந்தப் பக்கத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள். எஜமானும் வேலைக்காரனும், காதல் வந்தவனும் வராதவனும், எல்லோருக்கும் ஒரே தட்டையான பேச்சு. மூலத்தில் ஒவ்வொருவர் பேச்சும் ஒரு மாதிரி. அந்தப் பேச்சு எந்த இடத்தில் மாறுகிறதோ அங்கேதான் நாடகம் நடக்கிறது.

முல்லை கேட்ட வேலைக்காரர்களையே எடுத்துக்கொள்வோம். ‘கரி சுமக்கமாட்டோம்’ என்கிறான் சாம்ப்ஸன். அந்நாள் பேச்சு வழக்கில் அதற்கு ‘அவமானத்தைப் பொறுத்துக்கொள்ளமாட்டோம்’ என்று பொருள். மற்றவன் உடனே ‘காலியர்’ என்கிறான், கரிக்காரன். முதல்வன் ‘காலர்’ என்கிறான், கோபம். இரண்டாமவன் அதே ஒலியில் இன்னொரு ‘காலர்’ சொல்கிறான், தூக்குக்கயிற்றின் சுருக்கு. கரியில் தொடங்கிய பேச்சு நாலே வரியில் தூக்குமரத்துக்கு வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாள்கள் வெளியே வருகின்றன, ஊரே அடித்துக்கொள்கிறது, இளவரசர் வந்து மரண தண்டனை என்று எச்சரிக்கிறார். சிரிப்பு வராவிட்டால் பரவாயில்லை. வெட்டியாக நிற்கும் இரண்டு பேரின் வாய்த்துடுக்கு எவ்வளவு வேகமாக ரத்தம் வரை போகிறது என்பதைக் கவனித்தால் போதும்.

‘ஈய இறகு, குளிர்ந்த நெருப்பு’ உங்களுக்கு உறுத்தியது சரியான உறுத்தல். அது உறுத்த வேண்டும் என்றே எழுதப்பட்டது. அப்போது அவன் காதலிப்பது ஜூலியட்டை அல்ல, ரோசலினை. பெத்ரார்க் என்ற 14-ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கவிஞர் லாரா என்ற பெண்ணைப் பற்றிப் பாடினார். அதைப் பார்த்து ஐரோப்பா முழுக்க எழுதித் தேய்த்துவிட்ட உவமைகள் இவை. ரோமியோ கடன் வாங்கிய சொற்களால் காதலிக்கிறான். இது என் ஊகம் அல்ல. பின்னால் ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவே பெத்ரார்க்கின் பெயரைச் சொல்லி, இவன் காதலிக்கு முன்னால் லாரா வெறும் அடுக்களை வேலைக்காரி என்று கேலி செய்கிறான்.

இப்போது விருந்துக் காட்சிக்குப் போங்கள். முகமூடி அணிந்த ரோமியோ ஜூலியட்டின் கையைத் தொடுகிறான். நாலு வரி பேசுகிறான்: என் கை பாவம் செய்துவிட்டது, என் உதடுகள் இரண்டு யாத்ரிகர்கள், முத்தத்தால் பரிகாரம் செய்யக் காத்திருக்கின்றன. அவள் நாலு வரியில் பதில் சொல்கிறாள்: யாத்ரிகரே, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்வதே யாத்ரிகர் முத்தம். பிறகு ஆளுக்கு ஓரிரு வரியாக மாறி மாறி வருகிறது. எண்ணிப் பாருங்கள், மொத்தம் பதினான்கு வரி, எதுகை முறை பிசகாமல் ஒரு முழு சானெட். முதன்முதலாகச் சந்திக்கும் இரண்டு பேர், அதுவும் ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாமல், சேர்ந்து ஒரு பாட்டைக் கட்டி முடிக்கிறார்கள். பதினான்காம் வரி முடியும் இடத்தில் முத்தம். ரோசலினைப் பற்றி அவன் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்தான். இங்கே அவன் விட்ட இடத்தில் ஒருத்தி எடுக்கிறாள்.

முத்தத்துக்குப் பிறகும் விடமாட்டார்கள். இன்னொரு நாலு வரி தொடங்குகிறது, அதற்கும் எதுகை சரியாக இருக்கிறது. ஆக, இரண்டாவது சானெட்டுக்கு அடி போட்டாகிவிட்டது. அங்கே செவிலி வந்து ‘அம்மா கூப்பிடுகிறார்கள்’ என்கிறாள். பாட்டு அறுந்துவிடுகிறது. இதை எதிர்ப்பக்க உரைநடையில் எங்கே காண்பீர்கள்?

உப்பாற்றுக்கரை:

கட்டியங்காரன் எழுதியதை ரசித்தேன். ஆனாலும் முல்லையின் சங்கடத்துக்கு ஒரு நியாயம் உண்டு என்று பதிவு செய்ய விரும்புகிறேன். இந்த நாடகத்தில் சொல்விளையாட்டு மிதமிஞ்சிப் போகிறது. அது நம் ஆங்கில அறிவின் குறை என்று மாணவர்களை நம்பவைப்பது சரியில்லை.

விமர்சகர் சாமுவேல் ஜான்சன் 1765-இல் தன் ஷேக்ஸ்பியர் பதிப்பின் குறிப்பில் இதையே சொன்னார்: எவ்வளவு துயரத்தில் இருந்தாலும் இந்த மாந்தர்களிடம் ஒரு சொற்சாதுரியம் மிச்சம் இருக்கிறது என்று. அவருக்கு முன்பே நடிகர் டேவிட் கேரிக் 1748-இல் இந்தச் சிலேடைகளைக் களையெடுத்து ஒரு மேடை வடிவம் செய்தார். அதில் ரோமியோ சாவதற்கு முன்பே ஜூலியட் விழித்துவிடுவாள், இருவரும் கல்லறையில் பேசுவார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு லண்டன் மேடையை ஆண்டது அந்த வடிவம்தான். 1845-இல் ஷார்லட் குஷ்மன் என்ற நடிகை, தானே ரோமியோ வேடம் கட்டி, ஷேக்ஸ்பியரின் வசனத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்.

ஆங்கிலமே தாய்மொழியான ஜான்சனுக்கும் கேரிக்குக்கும் உறுத்தியது முல்லைக்கு உறுத்தக் கூடாதா? வாள்குத்து வாங்கிச் சாகும் மெர்குஷியோ ‘நாளை என்னைத் தேடிப் பாருங்கள், நான் கிரேவான ஆளாக இருப்பேன்’ என்கிறான். ‘கிரேவ்’ என்றால் சிரிப்பில்லாத தீவிரம், ‘கிரேவ்’ என்றால் புதைகுழி. சாகிறவன் இப்படிப் பேசுவானா?

செங்கமலம்:

பேசுவான் என்றே நினைக்கிறேன், உப்பாற்றுக்கரை. பல வருடங்கள் வகுப்பில் இந்தக் காட்சியைச் சத்தமாகப் படிக்கவைத்திருக்கிறேன். படிக்கும் பிள்ளைகள் அந்த வரியில் தயங்கியதே இல்லை. மெர்குஷியோவுக்கு வேறு பேச்சே தெரியாது. சுற்றி நிற்பவர்கள் அவன் விளையாடுகிறான் என்றே முதலில் எண்ணுகிறார்கள். ‘கீறல்தான், கீறல்தான்’ என்று அவனும் சொல்கிறான். அடுத்த மூச்சில் ‘உங்கள் இரண்டு வீடும் நாசமாகப் போக’ என்ற சாபம் வருகிறது, அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். சிலேடையை எடுத்துவிட்டால் அந்தச் சாபம் எங்கிருந்தோ வந்து விழுந்த மாதிரி இருக்கும். ஜான்சன் பெரிய மேதை; ஆனால் அவர் அச்சில் படித்துத் தீர்ப்பெழுதினார் என்று எனக்குத் தோன்றும்.

முல்லை, நீங்கள் கேட்ட மூன்றாம் அங்கத்து இடத்துக்கு வருகிறேன். டிபால்ட் செத்துவிட்டான். கொன்றது ரோமியோ. மகள் அழுவது மாமன் மகன் டிபால்ட்டுக்காக என்று அம்மா நினைக்கிறாள். ரோமியோவுக்கு விஷம் வைக்க ஆள் அனுப்பப்போவதாகவும் சொல்கிறாள். அதற்கு ஜூலியட் சொல்லும் பதிலை வரிசை மாற்றாமல் தமிழில் வைத்தால் இப்படி வரும்: ‘எனக்கு ஒருநாளும் மனம் ஆறாது, ரோமியோவை நான் காணும்வரை, செத்தது, என் ஏழை நெஞ்சம், உறவுக்காரனை நினைத்து’. அந்தச் ‘செத்தது’ நடுவில் நிற்கிறது. முன்னால் உள்ளதோடு சேர்த்தால் ‘ரோமியோவைப் பிணமாகக் காணும்வரை’. அம்மா கேட்பது அதை. பின்னால் உள்ளதோடு சேர்த்தால் ‘ரோமியோவைக் காணும்வரை என் நெஞ்சு செத்துக் கிடக்கிறது’. ஜூலியட் சொல்வது அதை.

நமக்கு இது புதிதே அல்ல. நன்னூல் பொருள்கோள் எட்டில் ஒன்று தாப்பிசை. நடுவில் நிற்கும் சொல் இரு பக்கமும் சென்று பொருள் தருவது. ‘உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண’ என்ற குறளில் ‘ஊன்’ முன்னும் பின்னும் போவதை இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். குறளில் அந்தச் சொல் இரு பக்கமும் ஒரே கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஜூலியட்டின் வரியில் இரு பக்கமும் எதிரெதிர். பதினாலு வயதுகூட நிரம்பாத பெண், பெற்ற தாயிடம் ஒரு சொல்கூடப் பொய் சொல்லாமல் முழுவதையும் மறைக்கிறாள். திட்டுகிறாளா ஏங்குகிறாளா என்று நீங்கள் குழம்பினீர்கள் அல்லவா, அந்த இரண்டும் அந்த வரியில் இருக்கின்றன.

இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். முதல் அங்கத்தில் செவிலி ஜூலியட்டின் வயதைச் சொல்லும் நீண்ட பேச்சு. கேட்ட கேள்விக்கு ஒரு வரி போதும். அவள் நிலநடுக்கம் வந்து பதினோரு வருடம் ஆயிற்று என்பாள், முலைக்காம்பில் கசப்பு மருந்து தடவிப் பால் மறக்கடித்ததைச் சொல்வாள், புறாக்கூண்டுச் சுவரோரம் வெயிலில் உட்கார்ந்திருந்ததைச் சொல்வாள், செத்துப்போன கணவன் அடித்த ஒரு கொச்சையான நகைச்சுவையைத் திரும்பத் திரும்பச் சொல்வாள். சீமாட்டி ‘போதும், வாயை மூடு’ என்றாலும் நிறுத்தமாட்டாள். பழைய அச்சுப் பதிப்புகளில் இது உரைநடை போலவே அச்சாகியிருக்கிறது, அந்த அளவுக்குப் பேச்சுவாக்கில் ஓடும் செய்யுள்.

அந்தச் சளசளப்பின் நடுவில் ஒரு வரி: ‘சூசனும் இவளும் ஒரே வயது. சரி, சூசன் கடவுளிடம் இருக்கிறாள். எனக்கு அவ்வளவு நல்ல பிள்ளை கொடுத்துவைக்கவில்லை.’ அவ்வளவுதான், பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. அவள் பெற்ற பெண் செத்துவிட்டது. அதற்குரிய பாலைக் குடித்து வளர்ந்தவள் ஜூலியட். சுருக்க நூல்களில் ‘செவிலி ஜூலியட்டின் வயதைப் பற்றி வேடிக்கையாகப் பேசுகிறாள்’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்தவருக்குச் சூசன் கிடைக்கமாட்டாள்.

முல்லைக்கொடி:

செங்கமலம் அம்மா, சூசன் வரியை இப்போதுதான் எடுத்துப் படித்தேன். நான் அந்தப் பக்கத்தையே புரட்டிவிட்டிருந்தேன். மிக்க நன்றி.

இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, ‘தௌ’, ‘யூ’ இரண்டும் கலந்து வருகின்றனவே, அதில் ஏதாவது ஒழுங்கு உண்டா? இரண்டு, என்னிடம் உள்ள புத்தகத்தில் ரோஜாவைப் பற்றிய வரியில் ‘வேறு எந்தச் சொல்லால் அழைத்தாலும்’ என்று இருக்கிறது. எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டுவது ‘வேறு எந்தப் பெயரால்’ என்றுதானே? இது அச்சுப்பிழையா?

தாள்புரட்டி:

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். பிழை இல்லை. இந்த நாடகம் 1597-இல் ஒருமுறை அச்சானது, அது குட்டையான வடிவம். 1599-இல் ‘புதிதாகத் திருத்தி, விரித்து’ என்று அட்டையில் போட்டு நீண்ட வடிவம் வந்தது. இன்றைய பதிப்புகள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் அடிப்படையாகக் கொள்கின்றன. ‘பெயர்’ என்பது 1597 பாடம். ‘சொல்’ என்பது 1599 பாடம். ரோமியோ விதியை எதிர்த்துக் கத்தும் வரியும் அப்படியே. முதல் அச்சில் விண்மீன்களை ‘எதிர்க்கிறேன்’ என்கிறான், இரண்டாவதில் ‘மறுக்கிறேன்’ என்கிறான். பதிப்பாசிரியர் எதைத் தேர்ந்தெடுத்தாரோ அது உங்கள் கையில் இருக்கும். ஆர்டன், ஃபோல்ஜர் போன்ற பதிப்புகளின் குறிப்புகளில் இந்த வேறுபாடு இருக்கும். நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கூடவே ஒன்று. மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில் ஜூலியட் இரவை அழைக்கும் பேச்சில் ‘ஓடிப்போனவர்களின் கண்கள் மூடட்டும்’ என்று ஒரு தொடர் வரும். அதில் மாட்டிக்கொண்டு உட்காராதீர்கள். அந்த ஓடிப்போனவர் யார் என்று நூற்றாண்டுக் கணக்கில் சண்டை நடக்கிறது. சூரியனின் குதிரைகள் என்பார்கள், தெருவில் திரிபவர்கள் என்பார்கள், அச்சுப்பிழை என்று வேறு சொல்லை வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1871-இல் வந்த ஃபர்னஸ் பதிப்பு இந்த ஒரு தொடருக்கு மட்டும் பக்கம் பக்கமாக ஒதுக்கியிருக்கிறது.

கட்டியங்காரன்:

‘தௌ’ கேள்விக்கு வருகிறேன். தமிழ் பேசுகிறவருக்கு இது ஒரு பெரிய அனுகூலம். இன்றைய ஆங்கிலக்காரருக்கு அடிக்குறிப்பு போட்டுத்தான் சொல்ல வேண்டும். நம் ‘நீ’யை யோசியுங்கள். காதலியையும் ‘நீ’ என்போம், சண்டைக்கு இழுப்பவனையும் ‘நீ’ என்போம். ‘தௌ’வும் அப்படித்தான்.

விருந்தில் ஜூலியட் ரோமியோவை ‘யூ’ என்கிறாள். யாரோ ஒரு விருந்தாளி, அதனால் மரியாதை. மாடத்தில் நிற்கும்போது, யாரும் கேட்கவில்லை என்று நினைத்துத் தனியாகப் பேசுகிறாள். அங்கே ‘தௌ’ வந்துவிடுகிறது. பிறகு அவன் கீழேயிருந்து குரல் கொடுக்கிறான். வெட்கப்பட்டு மறுபடி ‘நீங்க’ளுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ‘சம்பிரதாயம் போகட்டும்’ என்று அவளே வாய்விட்டுச் சொல்கிறாள். உன் மேல் எனக்கு ஆசை என்பதை நீ கேட்டுவிட்டாய், இனி என்ன ஒளிப்பது என்ற மாதிரி.

சண்டைக் காட்சியில் டிபால்ட் ரோமியோவைப் பார்த்து ‘தௌ’ போட்டு ‘நீ ஒரு அயோக்கியன்’ என்கிறான். அங்கே அது ‘டேய்’. ரோமியோ பதிலுக்கு அதே ஒருமையில் ‘உன்னை நேசிக்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது’ என்கிறான். கொஞ்ச நேரத்துக்கு முன்தான் ஜூலியட்டுக்குத் தாலி கட்டாத குறையாகப் பாதிரியார் லாரன்ஸ் கல்யாணம் செய்துவைத்திருக்கிறார். டிபால்ட் இப்போது இவனுக்குச் சொந்தம். அது டிபால்ட்டுக்குத் தெரியாது, சுற்றி நிற்கும் யாருக்கும் தெரியாது. ஒரே சொல் அவன் வாயில் வசவு, இவன் வாயில் உறவு. மெர்குஷியோவுக்கு இது கோழைத்தனமாகக் கேட்கிறது. வாளை உருவுகிறான். அதற்குப் பிறகு ஒன்றையும் தடுக்க முடியவில்லை.

கபுலெட்டும் ஜூலியட்டும் மோதும் காட்சியிலும் பாருங்கள். அப்பா பார்த்த மாப்பிள்ளை பாரிஸைக் கட்டமாட்டேன் என்று அவள் சொன்னதும் அப்பா ‘தூக்கில் தொங்கு’ என்று ஒருமையில் வெடிக்கிறார். விருந்தில் விருந்தாளிகளிடம் அவ்வளவு இதமாகப் பேசிய மனிதர்.

ஒரு எச்சரிக்கை: எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு ஒத்துவராது. சில இடங்களில் ஓசைக்காக மாறும், சில இடங்களில் காரணமே தெரியாமல் கலந்து வரும். மாற்றம் திடீரென்று வந்தால் மட்டும் நின்று பாருங்கள்.

உப்பாற்றுக்கரை:

டிபால்ட் இடத்தை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன், அது அபாரம்.

ஓசை என்றதும் நினைவு வந்தது. முல்லை, வாய்விட்டுப் படிக்கிறீர்களா? பெரும்பாலான வரிகள் பத்து ஒலியசை, மெலிவு வலிவு என்று மாறி மாறி ஐந்து தட்டு. ‘பட் ஸாஃப்ட், வாட் லைட் த்ரூ யாண்டர் விண்டோ பிரேக்ஸ்’ என்று மேசையில் தட்டிப் பார்த்தால் பிடிபடும். ‘நாடு கடத்தப்பட்டான்’ என்ற சொல் இன்று ‘பேனிஷ்ட்’, இரண்டு அசை. நாடகத்தில் பல இடங்களில் ‘பேனிஷெட்’ என்று மூன்று அசையாகச் சொல்ல வேண்டும். சில பதிப்புகள் அந்த எழுத்தின் மேல் ஒரு கோடு போட்டிருக்கும். ரோமியோவை நாடு கடத்திய செய்தி வந்ததும் ஜூலியட் இந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறாள். இந்த ஒரு சொல் பத்தாயிரம் டிபால்ட்டுகளைக் கொன்றதற்குச் சமம் என்கிறாள். மூன்று அசையாக இழுத்துச் சொன்னால்தான் அது இடிக்கிறது. ‘ரோமியோ’ என்ற பெயரே சில வரியில் மூன்று அசை, சில வரியில் இரண்டு.

செங்கமலம்:

ஓசை பற்றி நான் சேர்க்க வேண்டியது: 2004-இல் லண்டன் குளோப் அரங்கில் மொழியியலாளர் டேவிட் கிரிஸ்டலின் உதவியோடு இதே நாடகத்தை ஷேக்ஸ்பியர் கால உச்சரிப்பில் நடித்துப் பார்த்தார்கள். முன்னுரைப் பாட்டில் ‘லவ்’, ‘ரிமூவ்’ என்று இரண்டு வரி முடியும். இன்று அவை எதுகையே அல்ல, அன்று ஒத்தொலித்தன. அதே பாட்டில் ‘இந்த இரு பகைவரின் லாயின்ஸிலிருந்து’ என்று வரும், அதாவது இடுப்பிலிருந்து, வம்சத்திலிருந்து. அன்றைய உச்சரிப்பில் அது ‘லைன்ஸ்’ என்பதற்கு வெகு பக்கத்தில் ஒலிக்கும், மரபுவழி என்ற பொருளும் கூடவே கேட்கும். ஆகவே எதுகை இடறினால் உங்கள் காதைச் சந்தேகிக்க வேண்டாம்.

முல்லைக்கொடி:

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வரும் சனிக்கிழமை விடுதியில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒரு காட்சியை வாய்விட்டுப் படிக்கலாம் என்று இருக்கிறோம். எந்தக் காட்சி எடுக்கலாம்? மாடத்துக் காட்சி வேண்டாம் என்று ஒருத்தி சொல்கிறாள், எல்லோருக்கும் தெரிந்தது என்பதால். நாலாம் அங்கத்தில் ஜூலியட் செத்துவிட்டதாக எண்ணி எல்லோரும் அழும் காட்சியை எடுக்கலாமா? அதில் செவிலி ‘ஐயோ துயரமே, துயரமான துயரமான நாளே’ என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டே போகிறாள். அது சோகமாகவே இல்லை, ஏன்?

கட்டியங்காரன்:

அந்த ஒப்பாரியைப் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. அன்றைய பழைய பாணிச் சோக நாடகங்களை ஷேக்ஸ்பியர் கேலி செய்கிறார் என்று சிலர் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது: அவள் சாகவில்லை என்று பார்ப்பவர்களுக்குத் தெரியும், அதனால் உண்மையான அழுகையை அவர் கடைசிக் காட்சிக்கு வைத்துக்கொண்டார். 1597 அச்சில் அங்கே ஒரு மேடைக்குறிப்பு இருக்கிறது: எல்லோரும் ஒரே நேரத்தில் கதறிக் கையைப் பிசைகிறார்கள் என்று. ஒருவர் பின் ஒருவராகப் படித்தால் சலிக்கும்; நாலு பேரும் சேர்ந்தாற்போல் கத்திப் பாருங்கள், சாவு வீட்டு இரைச்சல் வரும், யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது. அதை முடித்ததும் கல்யாணத்துக்கு வந்த வாத்தியக்காரர்களோடு வேலைக்காரன் பீட்டர் வம்பளக்கும் பகுதி வருகிறது. 1599 அச்சில் அந்த இடத்தில் பாத்திரத்தின் பெயருக்குப் பதில் வில் கெம்ப் என்று நடிகரின் பெயரே விழுந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரின் நாடகக் குழுவின் பேர்பெற்ற கோமாளி நடிகர் அவர்.

கல்லறைப் பேச்சை நீங்கள் தனியாகப் படியுங்கள். ரோமியோ அவள் முகத்தைப் பார்த்து, அழகின் கொடி உன் உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பாகப் பறக்கிறது, சாவின் வெளிறிய கொடி அங்கே வந்து சேரவில்லை என்கிறான். செத்தவள் போலத் தூங்கவைத்த மருந்தின் வேகம் தணிந்து அவளுக்கு ரத்தம் ஊறிக்கொண்டிருக்கிறது. அதை அவனே பார்த்து, அவனே சரியாக வர்ணித்து, பொருள் தெரியாமல் விஷத்தைக் குடிக்கிறான்.

சனிக்கிழமைக்கு மூன்றாம் அங்கம் ஐந்தாம் காட்சியை எடுங்கள். முழுதாக, ஒரு வரியும் வெட்டாமல். நாலு பேருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்: ஜூலியட், செவிலி, அம்மா, ரோமியோவாகப் படிப்பவரே கபுலெட்டையும் படிக்கலாம், ஏனென்றால் அவன் இறங்கிப் போன பிறகுதான் அப்பா வருகிறார்.

விடியலில் தொடங்குகிறது. பாடியது வானம்பாடி இல்லை, இரவுக்குயில் என்று ஜூலியட் சாதிக்கிறாள்; இரவுக்குயில் என்றால் அவன் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம். வானம்பாடிதான் என்கிறான் ரோமியோ. பிறகு ‘சரி, நீ சொன்னபடியே இருக்கட்டும், பிடித்துக் கொல்லட்டும்’ என்று அவன் தங்கத் தயாரானதும், அவள் அந்த நொடியே மாறி ‘வானம்பாடிதான், போ போ’ என்று விரட்டுகிறாள். இரண்டு பேரும் அந்த இடத்தில் வரிகளை வேகமாகப் படிக்க வேண்டும். அப்புறம் செங்கமலம் அம்மா சொன்ன ‘செத்தது’ வரி. அதை ஒருமுறை முன்னால் நிறுத்தியும் ஒருமுறை பின்னால் நிறுத்தியும் படித்துப் பாருங்கள். மூன்றாவது முறை எங்கும் நிறுத்தாமல், அம்மாவாகப் படிப்பவரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள். அடுத்து அப்பாவின் வெறி.

எல்லோரும் போன பிறகு செவிலியும் ஜூலியட்டும் மட்டும் மிஞ்சுவார்கள். பாரிஸையே கட்டிக்கொள், அவனுக்கு முன்னால் ரோமியோ பாத்திரம் துடைக்கும் துணி என்கிறாள் செவிலி. மனசாரச் சொல்கிறாயா என்று ஜூலியட் கேட்கிறாள். ஆமாம் என்றதும், ‘நீ எனக்கு ரொம்ப ஆறுதல் சொல்லிவிட்டாய்’ என்று ஒரே ஒரு சாதாரண வரி. பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும் ஆங்கிலம். அந்த வரியோடு பால் கொடுத்தவளுக்கும் அவளுக்கும் ஒட்டு அறுந்துவிட்டது, இனி அவளிடம் எதையும் சொல்லமாட்டாள். செவிலியாகப் படிப்பவருக்கு இதையெல்லாம் முன்கூட்டியே விளக்க வேண்டாம். பிள்ளைக்கு நல்லது சொல்கிறோம் என்று நம்பியே அவர் பேசட்டும்.